பட்டம் வேறென்றாலும் ஓடியோலொஜி படிக்கலாம்: வன்னிப் பிள்ளைகளுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியலோ விவசாயமோ படித்த பிள்ளை, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம் முடித்த பிள்ளை, யாழ்ப்பாணத்தில் மொழியியல் படித்துவிட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பிய பிள்ளை. இவர்களில் சிலர் இப்போது ஓடியோலொஜி படிக்கலாமா என்று கேட்கிறார்கள். செவிப்புலனைச் சோதித்து, காது மெசின் பொருத்தி, கேட்கப் பழக்குகிற துறை அது. நல்ல எண்ணம். செல்லடிக்குள் வாழ்ந்த சனம் நாங்கள். காதுக்குள் ஓயாத இரைச்சலோடு இருக்கிற பெரியவர்களும், கூப்பிட்டால் திரும்பிப் பாராத குழந்தைகளும் எங்கள் ஊர்களில் உண்டு. அவர்களோடு அவர்களின் தமிழில் பேசிச் சோதிக்க ஆட்கள் வேண்டும். படித்த பட்டம் வேறாக இருப்பது தடையில்லை. எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பாராமல் காசைக் கட்டுவதுதான் தடை. அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. முதல் வேலையாக, எந்த நாடு வேறு பாடப் பட்டதாரியை எடுக்கும் என்று ஒரு கொப்பிப் பக்கத்தில் எழுதுங்கள். அவுஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கிற படிப்பு. பிரித்தானியாவில் இளமாணியும் உண்டு, முதுமாணியும் உண்டு.

2. இந்தியாவில் கதை வேறு. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்திலும் சரி, மற்ற இடங்களிலும் சரி, ஓடியோலொஜி முதுமாணிக்கு பி.ஏ.எஸ்.எல்.பி. என்கிற இளமாணிப் பட்டம் கையில் இருக்கவேண்டும். பொறியியல் பட்டத்தையோ உளவியல் பட்டத்தையோ வைத்துக்கொண்டு அங்கே முதுமாணிக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டவேண்டாம்.

3. இந்தியாதான் வசதி என்றால் அந்த இளமாணியிலிருந்தே தொடங்கவேண்டும். மொத்தம் நான்கு வருடம், கடைசி வருடம் உள்ளகப் பயிற்சி. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா, மெர்ஃப் போன்ற இடங்களில் படித்தால் நோயாளிகளோடு தமிழிலேயே பழகலாம், அது பெரிய லாபம். சேருமுன் இந்தியப் புனர்வாழ்வுப் பேரவையின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பாடநெறி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

4. இலங்கைக்குள் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம், றாகமையில், பேச்சு மற்றும் செவிப்புலன் விஞ்ஞான இளமாணியை நடத்துகிறது. அது உயர்தரப் பெறுபேற்றை வைத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாகப் போகிற வழி. ஏற்கெனவே அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் படித்து முடித்தவர் அதே வழியில் திரும்பப் போக முடியாது. ஆனால் வீட்டில் உயர்தரம் எழுதப் போகிற தம்பி தங்கை இருந்தால், ஆணைக்குழுவின் கைந்நூலில் இந்தப் பாடநெறிக்கான பக்கத்தை இன்றைக்கே காட்டிவிடுங்கள்.

5. அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண், மக்குவாரி, குயின்ஸ்லாந்து, ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டு வருட முதுமாணியாக இதை நடத்துகின்றன. படிப்போடு கிளினிக் பயிற்சியும் சேர்ந்தே வரும். ‘ஓடியோலொஜி அவுஸ்திரேலியா’ என்ற தொழில்வாண்மை அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டிய ஒரே முத்திரை.

6. பிரித்தானியாவில் சவுத்ஹாம்ப்டன், மான்செஸ்டர், லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜ் ஆகியவை இத்துறையில் பேர்போனவை. ஆனால் அங்கே ஒரே பெயர்ச் சாயலில் இரண்டு விதமான முதுமாணி வரும்: கிளினிக் பயிற்சியோடு ஒன்று, பயிற்சி இல்லாமல் ஒன்று. நோயாளியைச் சோதிக்கிற வேலைக்குப் பயிற்சியோடு இருப்பதே உதவும், மற்றது ஆராய்ச்சிக்குத்தான். இந்த வித்தியாசத்தைப் பாராமல் விலை குறைந்ததைப் பிடித்தால் பேந்து இரண்டாம் முறை செலவழிக்கவேண்டி வரும்.

7. அமெரிக்காவில் படிப்பின் பெயர் ஏ.யு.டி. பெரும்பாலும் நான்கு வருடம், கலாநிதி மட்டம். அதற்குமுன் தனியாக முதுமாணி செய்யவேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இளமாணியோடு நேராகப் போகலாம். இரண்டு வருடமும் அந்தக் காசும் மிச்சம்.

8. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, வெஸ்டர்ன், டல்ஹௌசி ஆகியவை ஆங்கிலத்தில் படிப்பிக்கின்றன, இடங்கள் மிகக் குறைவு. ஸ்காபரோவில் சித்தப்பா இருக்கிறார் என்பதற்காக மட்டும் கனடாவைத் தெரிவுசெய்ய வேண்டாம். வெளிநாட்டு மாணவரை அந்த வருடம் எடுக்கிறார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.

9. கிட்டடியில் வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட முதுமாணி இருக்கிறது.

10. அடுத்தது முன்தேவைப் பாடங்கள். உயிரியல், பௌதிகவியல் அல்லது இரசாயனவியல், புள்ளிவிபரவியல், உளவியல் அல்லது சமூக விஞ்ஞானம்: அமெரிக்கப் பக்கம் வழக்கமாகக் கேட்பது இவ்வளவும்தான். கனடாவில் ஒலியியலும் உடலமைப்பும் சேரலாம். மூன்று நிரல் போட்டு, கேட்கிற பாடம், என் பெறுபேற்றில் அது எங்கே, இல்லாவிட்டால் என்ன வழி என்று எழுதினால் மனதிலுள்ள குழப்பம் பாதி தீரும்.

11. பட்டத்துக்குள் ஒளிந்திருக்கிற பாடங்களைத் தேடி எடுங்கள். பொறியியல் பிள்ளை சமிக்ஞைச் செயலாக்கம் படித்திருப்பார், இன்றைய காது மெசினின் உயிரே அதுதான். விவசாயப் பிள்ளையிடம் உயிரியலும் புள்ளிவிபரமும் இருக்கும். மொழியியல் பிள்ளை ஒலியியல் குறியீடு எழுதிப் பழகியிருப்பார். உளவியல் பிள்ளைக்குக் குழந்தை வளர்ச்சி தெரியும். வணிகம் படித்தவருக்குக்கூடப் புள்ளிவிபரவியல் கைகொடுக்கும், விஞ்ஞானப் பாடங்களை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

12. பெறுபேற்றுப் பத்திரத்தில் இருக்கிற பாடக் குறியீட்டெண் வெளிநாட்டில் ஒருவருக்கும் விளங்காது. துறை அலுவலகத்தில் அந்தந்தப் பாடத்தின் ஒருபக்கப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, ஒரே பிடிஎப் ஆக்கி வையுங்கள். ஒருமுறை மினக்கெட்டால் எல்லா விண்ணப்பத்துக்கும் உதவும்.

13. ஒரு பாடம் குறைகிறது என்றவுடன் காசு கட்டி ஒன்லைன் பாடநெறிக்கு ஓடவேண்டாம். யூட்டா ஸ்டேட் போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்த முன்தேவைப் பாடங்களை ஒன்லைனில் நடத்துகின்றன என்பது உண்மை, ஆனால் டொலர்க் கணக்கு. ‘அனுமதி கிடைத்த பிறகு முடிக்கலாமா’ என்று கேட்டால் ஆம் என்று சொல்கிற இடங்களும் உண்டு.

14. திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நிலையம் இருக்கிறது. குறைகிற பாடத்தை மட்டும் தனிப்பாடமாக எடுக்க முடியுமா, சான்றிதழில் அது எப்படி வரும் என்று நேரில் போய்க் கேளுங்கள். ரூபாயில் முடிகிற காரியத்தை டொலரில் செய்யத் தேவையில்லை.

15. பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிற இமெயில் ஆறு வரிக்கு மேல் போகக்கூடாது. என் பட்டம் இது, பெறுபேறு இணைத்திருக்கிறேன், என் கேள்வி இது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு கேள்விக்குக் கெதியாகப் பதில் வரும், பத்துக் கேள்வி வரிசையில் கிடக்கும். வந்த பதிலை அழிக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள், பேந்து சான்றாக உதவும்.

16. துறையைப் பற்றி வாசித்து அறியக் காசு கொடுக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச் 3இல் வெளியிட்ட உலகச் செவிப்புலன் அறிக்கையை இலவசமாக இறக்கலாம். உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் கேட்டல் குறை, அதில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தேவை என்று அதில் இருக்கிறது. இரவு நேர டேட்டாவில் இறக்கி வைத்தால் செலவும் இல்லை.

17. இன்டரகூஸ்டிக்ஸ் அகாடமி என்ற ஒன்லைன் பள்ளிக்கூடத்தில் கேட்டல் சோதனைகளை எப்படிச் செய்வது என்று இலவச வீடியோப் பாடங்கள் உண்டு. புத்தகம் வேண்டுமென்றால் கெல்ஃபாண்ட், காட்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். காதின் அமைப்பு மாறிவிடாது, ஆகவே அடிப்படைக்குப் பழைய பதிப்பே தாராளம்.

18. கேட்டல் சோதனையின் வரைபடமான ஓடியோகிராமை வாசிக்கப் பழகுங்கள், ஒரு பின்னேரம் போதும். இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹேர்ட்ஸ், மேலிருந்து கீழாக டெசிபெல். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் புள்ளடி இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்டல் குறைவு. நேர்முகத்தில் இதைக் காட்டிக் கேட்டால் பதறத் தேவையிராது.

19. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஹியர்ஹூ’ செயலி இலவசம். இரைச்சலுக்குள் எண்களைச் சொல்லும், கேட்டதை அழுத்தவேண்டும். வீட்டில் அம்மம்மாவுக்கும் மாமாவுக்கும் போட்டுக் காட்டி, அதன் பெறுபேற்றைப் பயமுறுத்தாமல் விளக்கப் பழகுங்கள், அந்தப் பழக்கம்தான் இந்தத் தொழிலில் பாதி. அது முதற்கட்டச் சோதனை மட்டும்தான், சந்தேகம் வந்தால் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

20. விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு ஒரு நல்ல சிறு ஆய்வு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: அரிசி ஆலை. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணித்தியாலம், 88இல் நான்கு மணித்தியாலம் என்று, மூன்று டெசிபெல் கூடும் ஒவ்வொரு தரமும் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்பது பொதுவாகப் பாவிக்கிற கணக்கு. முதலாளியிடம் அனுமதி கேட்டு, மெசினுக்குப் பக்கத்திலும் வாசலிலும் சத்தத்தை அளந்து, வேலையாட்கள் நிற்கிற நேரத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். போன் செயலி காட்டுவது அண்ணளவுதான் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும், அந்த நேர்மைக்கு மதிப்பு அதிகம்.

21. அதையே கோயில் திருவிழாவிலும் செய்யலாம். தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் வருடக்கணக்காக அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களிடம் காது இரைகிறதா என்று அக்கறையாக ஒரு வார்த்தை கேட்டாலே கனக்கச் சொல்வார்கள்.

22. கிளினிக்கில் நின்று பார்த்த அனுபவம் இல்லாமல் விண்ணப்பம் நிற்காது. யாழ் போதனா வைத்தியசாலையின் அல்லது உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பணிப்பாளருக்கு ஒருபக்கக் கடிதம் கொடுத்து, எந்த நாட்களில் வரமுடியும் என்றும் எழுதுங்கள். கொப்பியில் திகதி, நேரம், பார்த்த சோதனை, பொறுப்பானவரின் கையெழுத்து. நோயாளியின் பெயரையோ ஊரையோ எழுதக்கூடாது.

23. பார்க்கப் போகிற நாளில் என்னென்ன பார்க்கவேண்டும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் ஒரு நாள் மூன்று நாளுக்குச் சமன். தூய ஒலிச் சோதனை, நடுக்காது அழுத்தச் சோதனை, பச்சைக்குழந்தைக்குச் செய்கிற ஓ.ஏ.இ., மூளைத்தண்டு எதிர்வினையைப் பார்க்கிற ஏ.பி.ஆர். ஆகிய நான்கையும் தேடிப் பாருங்கள். குழந்தைகளில் ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கல் என்ற ஒன்று-மூன்று-ஆறு கணக்கையும் மனதில் வையுங்கள்.

24. கைதடி நவீல்ட் பாடசாலை, வள்ளிபுனம் இனிய வாழ்வு இல்லம் போன்ற, செவிப்புலன் அற்ற பிள்ளைகளும் இருக்கிற இடங்களில் தொண்டாக உதவ முடியுமா என்று கேளுங்கள். ஒரு நாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதைவிட, கிழமையில் ஒரு நாள் என்று வைத்து மாதக்கணக்காகப் போவதே பிள்ளைகளுக்கும் நல்லது, சான்றுக் கடிதத்துக்கும் நல்லது. பிள்ளைகளின் முகத்தை முகநூலில் போடவேண்டாம்.

25. போகிற இடத்தில் சைகை மொழியைச் செவிப்புலன் அற்றவர்களிடமிருந்தே பழகுங்கள். அவர்களைத் திருத்தவேண்டியவர்களாகப் பார்க்காமல், மொழி தெரிந்தவர்களாகப் பார்க்கப் பழகுவீர்கள். காது மெசின் எல்லோருக்கும் விடையல்ல என்பது புத்தகத்தில் வாசிக்குமுன்னே விளங்கும்.

26. இனி நோக்கக் கட்டுரை. ‘சின்ன வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவ ஆசை’ என்று தொடங்கினால் வாசிக்கிறவர் அடுத்த கடதாசிக்குப் போய்விடுவார். உங்களிடம் மட்டும் இருக்கிறதை முதல் பந்தியில் வையுங்கள்: ‘நான் இலத்திரனியல் படித்தேன். ஒரு பெரியவரின் காது மெசின் ஏன் கூவுகிறது என்று பார்க்கப் போய், காதுக்குள் அது சரியாகப் பொருந்தவில்லை என்று கண்டேன்’ என்று உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்லலாம். சுற்று மட்டும் தெரிந்தால் போதாது, ஆளையும் தெரியவேண்டும் என்பது அதிலிருந்து தானாக வரும். படித்த பட்டத்துக்கு மன்னிப்புக் கேட்கிற தொனி ஓரிடத்திலும் வேண்டாம். நீங்கள் கொண்டுபோவது குறையல்ல, கூடுதல்.

27. யுத்தத்தைப் பற்றி எழுதலாமா என்று கன பிள்ளைகள் கேட்கிறார்கள். எழுதலாம், ஒரு முறை, அமைதியாக. குண்டுச் சத்தத்தால் செவிப்பறை கிழிவதும், உட்காதின் மயிர்க்கலங்கள் பழுதாவதும், இரைச்சல் நிலைத்துப் போவதும் மருத்துவ உண்மைகள். அவற்றை உங்கள் ஊரோடு சேர்த்து இரண்டு வரியில் சொன்னால் போதும். துயரத்தை விற்கிற மாதிரி ஒரு வரி வந்தாலும் வெட்டிவிடுங்கள். அயலவரின் கதையை அவரிடம் கேட்காமல் எழுதவும் கூடாது.

28. இடப்பெயர்வால் படிப்பில் இடைவெளி விழுந்திருந்தால் மறைக்கவேண்டாம். 2008, 2009இல் பள்ளிக்கூடம் நின்றது, இந்த வருடம் திரும்பத் தொடங்கினேன் என்று வருடத்தோடு ஒரு வசனம். அனுமதிக் குழுவுக்குத் தேவை காரணமும் திகதியும்தான்.

29. ஒரே கட்டுரையை எல்லா இடத்துக்கும் எழுதி, கடைசிப் பந்தியை மட்டும் மாற்றினால் நேரம் மிச்சம். அந்தப் பல்கலைக்கழகத்தின் கிளினிக், ஒரு விரிவுரையாளரின் ஆய்வு, ஒரு பாடம் என்று மூன்றைக் குறிப்பிடுங்கள். அனுப்புமுன் மற்றப் பல்கலைக்கழகத்தின் பெயர் எங்காவது தங்கிக் கிடக்கிறதா என்று தேடிப் பார்ப்பது கட்டாயம்.

30. சிபாரிசுக் கடிதம் தருகிறவருக்கு ஆறு கிழமை அவகாசம் கொடுங்கள். உங்கள் புள்ளிகள், செய்த ஆய்வு, போகப்போகிற படிப்பு, கடைசித் திகதி எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் வேலை இலகு. பல்கலைக்கழக இமெயில் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள், தனிப்பட்ட முகவரியைச் சில இடங்கள் ஏற்பதில்லை.

31. இரண்டு கடிதம் விரிவுரையாளர்களிடமிருந்து என்றால் மூன்றாவதைக் கிளினிக்கிலோ தொண்டு செய்த இடத்திலோ வாங்குங்கள். வேறு துறைக்காரர் இந்தத் துறையில் நின்று பார்த்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

32. இனி ஆவணங்கள். வன்னியில் கனபேருக்குச் சிக்கல் இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக. நான்கையும் மேசையில் பரப்பிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டில் இருக்கிறபடியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள்.

33. மூலப் பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிகப் பிரதி கேளுங்கள். ஒன்றுக்கு மூன்றாக எடுத்தால் திரும்ப அலையத் தேவையில்லை. கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்கு ஓடவேண்டாம், வவுனியாப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

34. பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பத்திரத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் ஒரே தடவையில் நாலைந்து பிரதி கேளுங்கள், அதில் சிலதை முத்திரையிட்டு மூடிய உறையில் கேளுங்கள். அமெரிக்க, கனேடியத் தகைமை மதிப்பீட்டு நிறுவனங்கள் அப்படித்தான் கேட்கும். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொரு தரமும் பஸ் காசு.

35. சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் ஒன்லைன் வசதி இருக்கிறது, பத்தரமுல்லைக்குப் போகத் தேவையில்லை. வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி வேண்டுமென்றால் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் உண்டு. அத்தாட்சி உண்மையில் கேட்டிருக்கிறார்களா என்று முதலில் வாசியுங்கள், கேட்காத முத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

36. தமிழ் ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஒரே நாளில் மொத்தமாகக் கொடுங்கள். பெயரின் ஆங்கில எழுத்து கடவுச்சீட்டில் இருக்கிறபடி வரவேண்டும் என்று கடவுச்சீட்டின் கொப்பியையும் சேர்த்துக் கொடுத்தால் திருத்த அலையத் தேவையில்லை.

37. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே அவசரப்பட்டு எழுதி வைக்கவேண்டாம். மொத்தப் புள்ளியை மட்டும் பாராமல் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். பேச்சோடு சம்பந்தப்பட்ட தொழில் என்பதால் பேசுதலுக்கும் கேட்டலுக்கும் கூடக் கேட்கிற இடங்கள் உண்டு. ஐந்து நிறுவனங்கள்வரை பெறுபேற்றை இலவசமாக அனுப்பலாம், பதியும்போதே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

38. ஜிஆர்ஈ என்கிற பட்டப்பின் அனுமதிப் பரீட்சையைக் கேட்காத அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இப்போது நிறைய. அவற்றை மட்டும் தெரிவுசெய்தால் ஒரு பெரிய கட்டணம் மிச்சம். எழுதத்தான் வேண்டுமென்றால், 2023 செப்டெம்பரிலிருந்து அந்தப் பரீட்சை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிகிறது, பெறுபேறு ஐந்து வருடம் செல்லும், நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். பரீட்சை நடத்துகிறவர்களின் பவர்பிரெப் மாதிரிப் பரீட்சை இரண்டு இலவசமாகவே கிடைக்கும், வகுப்புக்குக் காசு கட்டுமுன் அதைச் செய்து பாருங்கள்.

39. யாழ்ப்பாணத்தில் அமெரிக்கன் கோர்னரும் பிரிட்டிஷ் கவுன்சிலும் இருக்கின்றன. கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் எடியூகேஷன் யூஎஸ்ஏ ஆலோசனையும் உண்டு. தகவல் கேட்கக் காசு வாங்குகிறவரிடம் போகுமுன் இந்தக் கதவுகளைத் தட்டுங்கள்.

40. கடைசித் திகதி எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். நியூயோர்க்கில் குளிர்கால நள்ளிரவு 11.59 என்றால் எங்களுக்கு அடுத்த நாள் காலை 10.29. மெல்பேர்ணில் கோடை காலத்து 11.59 என்றால் எங்களுக்குப் பின்னேரம் 6.29க்கே கதவு பூட்டு. எப்படியும் மூன்று நாள் முந்தி அனுப்புங்கள், மழைக்காலத்தில் கரண்டையும் நெற்வேர்க்கையும் நம்பக்கூடாது.

41. பத்து இடத்துக்குப் போடுவதைவிட, முன்தேவை பொருந்துகிற நான்கு இடத்துக்கு வடிவாகப் போடுவதே மேல். விண்ணப்பக் கட்டணத்துக்குத் தள்ளுபடி உண்டா என்று இமெயிலில் கேட்க வெட்கப்படாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிற மாமாவோ அத்தையோ கார்டில் கட்டினால் பற்றுச்சீட்டு விண்ணப்பதாரியின் பெயரில் வரவேண்டும், வந்தவுடன் சேமித்து வையுங்கள்.

42. முகவரிடம் போவதாக இருந்தால் ஒன்றைக் கேளுங்கள்: ‘உங்களுக்குக் காசு தருவது யார்?’ பல்கலைக்கழகத்திடம் தரகு வாங்குகிறவர் அந்தப் பல்கலைக்கழகத்தைத்தான் காட்டுவார். மூலச் சான்றிதழை ஒருவரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம், அனுமதி உறுதி என்று சொல்கிறவரிடம் ஒரு சதமும் கட்டவேண்டாம்.

43. புலமைப்பரிசில்களில் செவனிங் பிரித்தானியாவில் ஒரு வருட முதுமாணிக்கு. 2,800 மணித்தியால வேலை அனுபவமும், முடித்த பின் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்கிற உறுதியும் கேட்கும். தொண்டு வேலையும் அந்த மணிக்கணக்கில் சேரும், ஆகவே இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். மற்றப்படி அவுஸ்திரேலியா அவார்ட்ஸ், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஃபுல்பிரைட் ஆகியவற்றின் அந்த வருட அறிவித்தலைப் பாருங்கள். கிளினிக் படிப்புக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

44. செலவுக் கணக்கில் படிப்புக் கட்டணத்தை மட்டும் எழுதினால் கணக்குப் பிழைக்கும். கிளினிக் பயிற்சிக்குப் போய்வருகிற பயணம், தடுப்பூசி, பொலிஸ் அறிக்கை, மருத்துவக் காப்புறுதி எல்லாம் சேரும். குடும்பமாக இருந்து, காணியை ஈடுவைக்கிற கதை வருமுன்னமே, இந்தக் கணக்கை ஒரு கடதாசியில் முடியுங்கள்.

45. அனுமதிக் கடிதம் வந்தவுடன் கட்டுப்பணம் கட்டுமுன் இரண்டு இடத்தில் கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம். படித்து வந்தால் இங்கே பதிவுசெய்து வேலைசெய்ய என்ன வேண்டும் என்று இலங்கை மருத்துவப் பேரவையிடம். திரும்பி வர எண்ணுகிறவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

46. ஒன்லைன் நேர்முகம் என்றால் நெற்வேர்க் நன்றாக இருக்கிற வீட்டை முதல் நாளே பார்த்து வையுங்கள், இரண்டாவது சிம் ஒன்றும் கையில் இருக்கட்டும். ‘ஏன் துறை மாறுகிறீர்கள்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். ஒரு நிமிடப் பதிலை அக்காவுக்கோ தம்பிக்கோ சொல்லிப் பழகுங்கள், மனப்பாடம் செய்யவேண்டாம்.

47. கிடைக்கவில்லை என்றால் ‘எதைக் கூட்டினால் நல்லது?’ என்று நன்றியோடு எழுதிக் கேளுங்கள், சில இடங்கள் பதில் தரும். ஆவணம், கட்டுரை, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அடுத்த வருடமும் செல்லும், செலவு பாதிதான். அந்த ஒரு வருடத்தைக் கிளினிக் நேரம் சேர்க்கவும், குறைந்த பாடத்தை முடிக்கவும் பாவியுங்கள்.

48. அனுமதி கிடைத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிற சோதனைக்கு ஆளுக்குப் பழகிய சொற்கள் வேண்டும், அறியாத சொல்லைத் தவறவிட்டால் குறை காதிலா சொல்லிலா என்று தெரியாது. குளம், வரம்பு, சூடு, உழவு, வாடி என்று எங்கள் பெரியவர்கள் அன்றாடம் பாவிக்கிற சொற்களை ஒரு கொப்பியில் எழுதிச் சேர்த்து, அவர்களின் குரலிலேயே போனில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். தமிழில் நல்ல சோதனைப் பட்டியல் செய்ய அங்கே இருக்கிற பேராசிரியரிடம் அதைக் காட்டினால், உங்கள் முதுமாணி ஆய்வுக்குத் தலைப்பும் கிடைத்துவிடும்.